கவசத்துக்குள்ளே யார்?

நீங்கள் ஒரு மருத்துவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் ஒரு நோயாளி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார். அவர் மனிதர் அல்லர். தலை முதல் தரை வரை மூடிய ஒரு கவசத்துக்குள் இருக்கிறார். கவசத்தைத் திறந்தால்தான் சிகிச்சை செய்ய முடியும். ஆனால் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்று அவருடைய அரசாங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. திறந்தால் உள்ளே இருக்கும் காற்று உங்களைக் கொல்லுமா, வெளியே இருக்கும் காற்று அவரைக் கொல்லுமா என்பதும் தெரியாது. என்ன செய்வீர்கள்?

1993 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளியான ஒரு படம் இந்தச் சிக்கலை மையமாக வைத்துத்தான் எடுக்கப்பட்டது. 'பாபிலோன் 5' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் முன்னோட்டப் படம் அது. நோயாளியின் பெயர் கோஷ். வோர்லோன் என்ற இனத்தின் தூதர். விண்வெளி நிலையத்துக்கு வந்து இறங்கிய சில நொடிகளில் அவருக்கு யாரோ நஞ்சு கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவர் பெஞ்சமின் கைல் தடையை மீறிக் கவசத்தைத் திறக்கிறார். உள்ளே இருந்ததை அவர் பார்க்கிறார், நமக்குக் காட்டவில்லை.

ஜே. மைக்கேல் ஸ்டிராசின்ஸ்கி உருவாக்கிய இந்தத் தொடர் 1994 முதல் 1998 வரை 5 பருவங்களாக, 110 பகுதிகளாக ஒளிபரப்பானது. அவற்றில் 92 பகுதிகளை அவரே எழுதினார். 23ஆம் நூற்றாண்டில், பல இனத் தூதர்கள் கூடிப் பேசுவதற்காகக் கட்டப்பட்ட ஒரு சுழலும் விண்வெளி நிலையம்தான் கதைக்களம். மற்றத் தூதர்களின் காதல், கடன், குடி, பகை எல்லாம் மணிக்கணக்கில் வரும். கோஷ் மட்டும் எப்போதாவது வருவார். முதலில் மணிகள் சிணுங்குவது போன்ற ஓர் ஓசை. அதன் பிறகு ஒரே ஒரு வரி பேச்சு. கேட்ட கேள்விக்கும் அந்த வரிக்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. கவசத்துக்குள் நின்று நடித்தவர் ஜெஃப்ரி வில்லர்த். குரல் கொடுத்தவர் ஆர்ட்வைட் சேம்பர்லின். முகமே இல்லாத ஒரு பாத்திரத்துக்கு இருவர் உழைத்திருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் கோஷின் ரகசியம் வெளிவந்துவிடும். 30 ஆண்டுப் பழைய தொடர்தான். ஆனாலும் இனிமேல் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நாளிதழ் எங்கும் போய்விடாது.

மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள். கோஷைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. வேற்றுலக உயிரைத் தேடும் விஞ்ஞானிகள் இன்று எதிர்கொள்ளும் மிகச் சிக்கலான கேள்வி, இந்தத் துணைப் பாத்திரத்தின் கவசத்துக்குள்ளேயே இருக்கிறது.

சிலி பாடியும் பறவையும்

முதலில் அந்த நஞ்சை எடுத்துக்கொள்வோம். நஞ்சு என்றால் எல்லா உயிருக்கும் நஞ்சு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நஞ்சு ஒரு சாவி மாதிரி. பொருந்தும் பூட்டு உடம்பில் இருந்தால்தான் வேலை செய்யும்.

நம் வீட்டுத் தோட்டத்தில் காய்க்கும் சிலி பாடியைப் பாருங்கள். கடித்தால் நமக்குக் கண்ணீர் வருகிறது. அதே மிளகாயைப் பறவை அலட்டிக்கொள்ளாமல் கொத்தித் தின்கிறது. காரணம், மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள் நம் நரம்புகளில் வெப்பத்தை உணரும் ஒரு புரதத்தைத் தூண்டுகிறது. பறவைகளிடமும் அதே வகைப் புரதம் உண்டு. ஆனால் அதன் அமைப்பு சற்றே வேறு. கேப்சைசின் அதைத் தூண்டுவதில்லை. பறவைகளின் மூதாதையரும் நம் மூதாதையரும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒரே பூமியில், ஒரே மரபணு முறையில் வளர்ந்த இரண்டு உயிர்களுக்கு இடையிலேயே இவ்வளவு வேறுபாடு.

அப்படியானால் வேறொரு கிரகத்தில், முற்றிலும் வேறு வழியில் தோன்றிய ஓர் உயிரைக் கொல்ல என்ன நஞ்சு கொடுப்பது? நம் ஆர்சனிக் அதற்கு உப்பாக இருக்கலாம். நம் சர்க்கரை அதைக் கொன்றுவிடலாம். கோஷுக்குக் கொடுத்த நஞ்சு வேலை செய்தது என்றால், கொலைகாரனுக்கு வோர்லோன் உடலைப் பற்றி மிக நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி விசாரணையை அங்கிருந்து தொடங்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

யாருடைய காற்று நஞ்சு?

கோஷின் அறைக்குள் போகிறவர்கள் மூச்சுக்கவசம் அணிய வேண்டும். நிலையத்தில் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு. வேறு காற்றைச் சுவாசிக்கும் இனங்கள் அங்கே தங்குகின்றன. முதல்முறை பார்ப்பவர்களுக்கு 'நல்ல காற்று' நம்முடையது, 'நச்சுக் காற்று' அவர்களுடையது என்றுதான் தோன்றும்.

பூமியின் வரலாறு வேறு கதை சொல்கிறது. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை நம் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அன்று வாழ்ந்த நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் கொடிய நஞ்சு. ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா அதைக் கழிவாக வெளியேற்றியது. கழிவு பெருகியது, பழைய குடிகள் சேற்றுக்கும் ஆழத்துக்கும் ஒதுங்கின. நாம் மூச்சு விடுவது அந்தக் கழிவை நம்பித்தான்.

ஒதுங்கிய அந்தப் பழைய குடிகள் இன்னும் நம்மோடுதான் இருக்கின்றன. மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றிலும் நெல்வயல் சேற்றிலும் வாழ்கின்றன. மலேசியாவில் செம்பனை ஆலை இருக்கும் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆலைக் கழிவுநீர்க் குளங்களின் வாடையும் குமிழியும் நினைவிருக்கும். குமிழியில் இருப்பது பெரும்பாலும் மீத்தேனும் கரியமில வாயுவும். அங்கே அடியில் வேலை செய்பவை இந்த ஆர்க்கியாதான். ஆக்சிஜன் பட்டால் அவற்றால் தாங்க முடியாது. அந்தக் குளத்துக்கு நாம்தான் கவசம் போட்டுக்கொள்ள வேண்டிய வேற்றுக்கிரகவாசிகள்.

சூரியக் குடும்பத்தில் கோஷின் அறையைப் போன்ற ஓர் இடம் உண்டா என்று கேட்டால், சனிக் கிரகத்தின் நிலவான டைட்டனைக் காட்டலாம். 2005 ஜனவரி 14ஆம் தேதி ஹைகன்ஸ் என்ற ஐரோப்பியக் கலம் அங்கே இறங்கியது. வெப்பநிலை மைனஸ் 179 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு. மழையாகப் பெய்வது மீத்தேன். ஏரிகளில் இருப்பதும் மீத்தேனும் ஈத்தேனும்தான். அதே 2005இல் கிறிஸ் மெக்கே, ஹெதர் ஸ்மித் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். அங்கே உயிர் இருந்தால் அது ஹைட்ரஜனைச் சுவாசித்து, அசிட்டிலினை உண்டு, மீத்தேனை வெளிவிடலாம். அப்படி நடந்தால் தரைக்கு அருகில் ஹைட்ரஜன் குறையும் என்றார்கள். 2010இல் காசினி விண்கலத் தரவுகளை ஆராய்ந்தபோது, ஹைட்ரஜன் மேலிருந்து கீழே இறங்கித் தரையருகில் காணாமல் போவது போலத் தெரிந்தது. அசிட்டிலினும் எதிர்பார்த்த அளவு இல்லை.

உடனே உயிர் என்று மெக்கே சொல்லவில்லை. உயிர் இல்லாமலே இது நடக்கக்கூடிய வழிகளை முதலில் பாருங்கள் என்றார். இந்த நிதானத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இடையில் ஒரு குறை சொல்ல வேண்டும். மூன்றாம் பருவத்தில், வோர்லோன்களிடம் போய்த் திரும்பி வரும் லிட்டா என்ற பெண்ணின் கழுத்தில் செவுள்கள் தெரிகின்றன. கோஷின் காற்றைச் சுவாசிப்பதற்காக. காட்சியாக அருமை, உயிரியலாகத் தவறு. செவுள் நீரில் கரைந்த வாயுவை எடுப்பதற்கானது. காற்றில் நீரைவிட 20 மடங்குக்கும் மேலாக ஆக்சிஜன் இருக்கிறது. ஆனாலும் மீனைத் தரையில் போட்டால் அது திணறிச் சாகிறது. நீர் இல்லாமல் செவுளின் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிடுவதால்தான். லிட்டாவுக்குத் தேவைப்பட்டது வேறு நுரையீரல்.

கவசம் யாரைக் காப்பாற்றுகிறது?

கவசம் கோஷை மட்டும் காப்பாற்றவில்லை, மற்றவர்களையும் காப்பாற்றுகிறது. விண்வெளித் துறையில் இதற்குக் 'கிரகப் பாதுகாப்பு' என்று பெயர். 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தில், மற்ற உலகங்களை மாசுபடுத்தக் கூடாது, அங்கிருந்து வருவதால் பூமிக்கும் கேடு வரக் கூடாது என்று நாடுகள் ஒப்புக்கொண்டுள்ளன.

1969இல் நிலவுக்குப் போய்வந்த அப்போலோ 11 வீரர்கள் மூவரையும் 21 நாள் தனிமையில் வைத்தார்கள். கோவிட் காலத்தில் ஹோட்டல் அறையில் தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு இது புரியும். 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களை அனுப்புவதற்கு முன்பு, ஏறத்தாழ 112 டிகிரி வெப்பத்தில் 30 மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கினார்கள். 2017 செப்டம்பர் 15ஆம் தேதி, எரிபொருள் தீரும் நிலையில் இருந்த காசினியைச் சனிக் கிரகத்துக்குள் வேண்டுமென்றே விழச் செய்து எரித்தார்கள். அது கட்டுப்பாடு இழந்து டைட்டன் மீதோ என்செலடஸ் மீதோ மோதினால், பூமியின் நுண்ணுயிர்கள் அங்கே ஒட்டிக்கொள்ளலாம் என்ற அச்சம்தான் காரணம்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், நம் கிருமியையே அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, 'ஆகா, உயிர்!' என்று கண்டுபிடித்தால் அதைவிடப் பெரிய கேலிக்கூத்து இல்லை.

விழுந்தவரும் பறந்தவரும்

இப்போது ரகசியத்துக்கு வருவோம். 1995இல் வந்த இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதி. நிலையத்தின் தலைவர் ஷெரிடன், நிலையத்தின் நடு அச்சில் ஓடும் ரயிலில் போகிறார். ரயிலில் குண்டு இருப்பது தெரிகிறது. வெளியே குதித்துவிடுகிறார். கீழே தோட்டமும் மக்கள் கூட்டமும்.

இந்தக் காட்சியின் இயற்பியல் தொலைக்காட்சியில் அரிதாகக் காணக்கூடியது. சுழலும் உருளைக்குள் ஈர்ப்பு போலத் தோன்றுவது, தரை நம்மைச் சுற்றிச் சுழற்றித் தள்ளுவதால் வருவது. நடு அச்சில் அது பூஜ்யம். பிரின்ஸ்டன் பேராசிரியர் ஜெரார்ட் ஓ'நீல் 1970களில் இத்தகைய உருளைக் குடியிருப்புகளைப் பற்றி விரிவாக எழுதினார். பாபிலோன் 5 நிலையம் அந்த வழியில் வந்ததுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உருளையின் ஆரம் 400 மீட்டர், தரையில் பூமியின் ஈர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உருளை 40 நொடிக்கு ஒருமுறை சுழல வேண்டும். தரை நொடிக்கு ஏறக்குறைய 63 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 225 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நடுவிலிருந்து நீங்கள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் குதித்தால் என்ன ஆகும்? உங்களைக் கீழே இழுக்க எதுவுமே இல்லை. வேகம் கூடாமல், அப்படியே மிதந்து போவீர்கள். தரையை அடைய 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நிலையம் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். நிலையத்தோடு சேர்ந்து சுழலும் காற்று போகப் போகப் பலமாக உங்களைப் பக்கவாட்டில் தள்ளும். கடைசியில் உங்களைக் கொல்வது விழுந்த வேகம் அல்ல. விரைவு ரயில் மாதிரிப் பக்கத்திலிருந்து வந்து மோதும் தரை.

ஆகவே ஷெரிடனைக் காப்பாற்ற வருகிறவர் கீழே நின்று தாங்கிப் பிடித்தால் போதாது. பறந்து போய், அவரைப் பிடித்து, தரையின் வேகத்துக்கு ஈடாக்கிக் கொண்டுவர வேண்டும். கோஷ் அதைத்தான் செய்கிறார். கவசம் திறக்கிறது, ஒளிமயமான ஓர் உருவம் சிறகோடு மேலே பறக்கிறது.

கூட்டத்தில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் ஒவ்வோர் இனத்தவரும் வேறு வேறு உருவத்தைப் பார்க்கிறார்கள். மனிதர் கண்ணுக்கு அது வானதூதர். நார்ன் இனத்தவருக்குத் தங்கள் மறையில் வரும் ஜிலான். டிராசி இனத்தவருக்குத் தங்கள் தெய்வம் டிரோஷாலா. எல்லோருக்கும் தெரிந்த முகம், எல்லோருக்கும் வேறு முகம். சென்டாரித் தூதர் லோண்டோ மட்டும், தான் எதையுமே பார்க்கவில்லை என்கிறார்.

கோஷ் இத்தனை நாள் கவசத்துக்குள் இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிகிறது. அவரை யாருக்கும் தெரியாது என்பதால் அல்ல, வெளியே வந்தால் எல்லோரும் அவரை 'அடையாளம்' கண்டுகொள்வார்கள் என்பதால்.

ஒளியால் ஆன உயிர் சாத்தியமா என்று கேட்பீர்கள். வெறும் ஒளியால் முடியாது. ஒளித்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை. ஓர் உருவமாக நிற்கவும் நினைவைச் சேர்த்து வைக்கவும் அவற்றால் ஆகாது. பிளாஸ்மாவில் மிதக்கும் தூசுத் துகள்கள் தாமாகவே சுருள் வடிவங்களாகச் சேரலாம் என்று 2007இல் சிடோவிச், மோர்ஃபில் உள்ளிட்டோர் கணினி மாதிரிகளின் மூலம் காட்டினார்கள். 'ஒளி உயிர்' என்ற கற்பனைக்கு அறிவியலில் கிடைக்கும் மிக அருகிலான சொந்தம் அதுதான், தூரத்துச் சொந்தம். ஒளியாக இருப்பவருக்குக் கையில் எப்படி நஞ்சு ஏறியது என்ற கேள்வியையும் நீங்கள் கேட்கலாம். தொடர் அந்த இடத்தில் வழுக்குகிறது.

செவ்வாயில் ஒரு முகம்

தெரிந்ததையே பார்க்கும் பழக்கம் நம்மிடமும் ஆழமாக இருக்கிறது. மூளையின் அடிப்புறத்தில், முகங்களுக்கென்றே குறிப்பாக இயங்கும் ஒரு பகுதி உண்டு என்று நான்சி கான்விஷரும் அவருடைய குழுவினரும் 1997இல் எழுதினார்கள். மேகத்தில் முகம், சுவர்க் கறையில் முகம், காரின் முன்பக்கத்தில் முகம் எல்லாம் நமக்குத் தென்படுவதற்கு இத்தகைய முகத்தேடல்தான் காரணம்.

1976 ஜூலை 25ஆம் தேதி வைக்கிங் 1 சுற்றுக்கலம் செவ்வாயின் சிடோனியா பகுதியைப் படம் எடுத்தது. அதில் ஒரு குன்று, கண், மூக்கு, வாயோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயிலும் நிழலும் செய்த வேலை என்று நாசா அப்போதே சொன்னது. கேட்டவர்கள் குறைவு. 1998இலும் 2001இலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் தெளிவான படங்களை அனுப்பியபோது வெறும் மேட்டுநிலம்தான் இருந்தது.

இது பலருக்கும் தெரிந்த கதை. இதே வைக்கிங் பயணத்தில், இதே வாரங்களில், இதைவிட முக்கியமான ஒரு குழப்பம் நடந்தது. அதைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும். ஜூலை 20ஆம் தேதி தரையிறங்கிய கலம் ஒரு சோதனை செய்தது. செவ்வாய் மண்ணில் சில சொட்டுச் சத்துநீர் விட்டது. அந்தச் சத்தில் கதிரியக்கக் கார்பன் கலந்திருந்தது. மண்ணில் நுண்ணுயிர் இருந்தால் சத்தைத் தின்று, கதிரியக்கமுள்ள வாயுவை வெளிவிடும். வாயு வந்தது! மண்ணைச் சூடாக்கிவிட்டுச் செய்தபோது வரவில்லை. முன்கூட்டியே வகுத்திருந்த விதிப்படி இது 'உயிர் உண்டு' என்ற விடை.

ஆனால் பக்கத்திலேயே இருந்த இன்னொரு கருவி, மண்ணைச் சூடாக்கிக் கரிமப் பொருள்களைத் தேடியது. சிறிதளவு குளோரோமீத்தேன் போன்றவற்றைத் தவிர எதுவும் இல்லை. அவையும் பூமியில் கருவியைத் துடைத்தபோது ஒட்டியவை என்று ஒதுக்கப்பட்டன. உடம்பே இல்லாமல் உயிர் ஏது? பெரும்பாலோர் 'இல்லை' என்று முடித்தார்கள். சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின், 2021இல் காலமாகும் வரை தாம் உயிரைக் கண்டதாகவே சொல்லி வந்தார்.

2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டது. அதைச் சூடாக்கினால் அருகில் இருக்கும் கரிமப் பொருள் எரிந்துபோகும், மிஞ்சுவது குளோரோமீத்தேன்! தேடிய பொருளைத் தேடிய கருவியே எரித்திருக்கலாம். அதே சமயம், செவ்வாய் மண்ணின் வேதியியலே உயிரில்லாமல் அந்த வாயுவை வெளிவிட்டிருக்கலாம் என்பதும் வலுப்பட்டது. இரண்டு பக்கமும் அடித்தளம் ஆடியது.

சிக்கல் கருவியில் மட்டும் இல்லை, கேள்வியிலும் இருந்தது. பூமியின் நுண்ணுயிர் விரும்பும் சத்தை, நீரில் கரைத்து, பூமியின் உயிரைப் போலவே தின்னும் என்று நம்பிக் கொடுத்தோம். கூட்டத்தில் நின்ற நார்ன் போல, நம் மறையில் உள்ள உருவத்தையே தேடினோம்.

தந்தன தந்தன

தொடரில் வோர்லோன்கள் நெடுங்காலத்துக்கு முன்பே பல கிரகங்களுக்கும் போய், தங்களைக் கண்டால் வணங்கும்படி இளைய இனங்களின் மனத்தில் அந்த உருவங்களை விதைத்திருந்தார்கள். அழகான முகம் நல்ல மனத்தின் அடையாளம் என்று நம்பியவர்கள் நான்காம் பருவத்தில் அதிர்ந்து போகிறார்கள். வோர்லோன்கள் எதிரியின் சாயல் பட்ட கிரகங்களை முழுதாகவே அழிக்கத் தொடங்குகிறார்கள். கோஷ் அதற்கு முன்பே, 1996இல் வந்த மூன்றாம் பருவத்தில், ஷெரிடனின் வற்புறுத்தலுக்காகத் தன் உயிரைக் கொடுத்துவிடுகிறார். தன் இனத்திலேயே அவர்தான் நல்லவர் என்பதை அவர் போன பிறகே உணர்கிறோம். அதே போன்ற கவசத்தில் வந்த அடுத்த தூதரை யாராலும் விரும்ப முடியவில்லை.

தோற்றத்தை நம்பாமல் எதை நம்புவது? இதற்கு விஞ்ஞானிகள் முன்வைக்கும் வழிகளில் ஒன்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லீ குரோனின், அரிசோனாவின் சாரா வாக்கர் ஆகியோருடையது. ஒரு மூலக்கூறு எந்த வகை உயிரிலிருந்து வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. அதைக் கட்ட எத்தனை படிகள் தேவை என்று எண்ணுகிறார்கள்.

நம் சந்தத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். 'தந்தன' என்பதில் த, ந், த, ன என்று நான்கு எழுத்து. ஒவ்வொன்றாக ஒட்ட 3 படி. கட்டிய 'தந்தன'வை நகலெடுத்து ஒட்டினால் 'தந்தன தந்தன', 4 படி. அதை அப்படியே இன்னொரு முறை ஒட்டினால் நான்கு தந்தன, 16 எழுத்து. மொத்தம் 5 படிதான். ஆனால் எதுவும் திரும்பி வராத 16 எழுத்துச் சொல்லுக்கு 15 படி வேண்டும். படி கூடக் கூட, அந்தச் சொல் தற்செயலாகப் பல பிரதிகள் உருவாகும் வாய்ப்பு சுருங்குகிறது. கடற்கரையில் ஒரு சிக்கலான சொல் ஒருமுறை எழுதிக் கிடந்தால் அலை செய்தது என்று வாதிடலாம். ஆயிரம் இடத்தில் கிடந்தால் யாரோ எழுதுகிறார்கள்.

2021இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஈஸ்ட், ஈ.கோலை பாக்டீரியா, பீர், மெர்ச்சிசன் விண்கல்லின் சாறு எனப் பலவற்றை நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தார்கள். 15 படிக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் உயிரோடு தொடர்புள்ள மாதிரிகளில் மட்டுமே கிடைத்தன. உள்ளே டிஎன்ஏ இருக்கிறதா, நீர் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த எண்ணை எல்லோரும் ஏற்கவில்லை. உயிரில்லாத கனிமவேதியியலிலும் 15ஐத் தாண்டும் அமைப்புகள் உண்டு என்று எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எண் மாறலாம், கேள்வியை மாற்றிக் கேட்டதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

அடுத்த சோதனைக்களம் அதே டைட்டன்தான். 2028இல் நாசா ஏவத் திட்டமிட்டுள்ள டிராகன்ஃபிளை, கார் அளவு கொண்ட, 8 சுழலிகள் உள்ள ஒரு பறக்கும் கலம். 2034இல் போய்ச் சேர வேண்டும். அடர்ந்த காற்றும் பூமியில் ஏழில் ஒரு பங்கு ஈர்ப்பும் இருப்பதால் அங்கே பறப்பது பூமியில் பறப்பதைவிட எளிது. ஷாங்ரிலா மணல்மேடுகளில் இறங்கி, இடம் விட்டு இடம் தாவி, செல்க் என்ற பள்ளத்தை நோக்கிப் போகும். ஒரு காலத்தில் விண்கல் மோதிப் பனியை உருக்கி, நீரும் கரிமப் பொருளும் கலந்து நின்ற இடம் அது. கலத்தில் ஒரு நிறமாலைமானி இருக்கிறது. கண்ணாடிப் பிம்பம் போல இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவில் வரும் மூலக்கூறுகளில் ஒரு கைதான் மிகுந்திருக்கிறதா என்று அது பார்க்கும். பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடக்கை அமினோ அமிலங்களையே எடுத்துக்கொள்கின்றன. டைட்டனில் எந்தக் கை மிகுந்திருந்தாலும் அது செய்திதான்.

தரையருகில் உள்ள ஹைட்ரஜனின் அளவை எடுக்கும் உணரி ஒன்றும் கூடவே போகிறது. 2010இல் காணாமல் போன ஹைட்ரஜன் எங்கே போகிறது என்று அது மூக்கை நீட்டிப் பார்க்கும்.